மன்றம் இல்லாத மாநகரம்

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியபோது சென்னை மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. மேயர் இல்லை, மண்டலக் குழுத் தலைவர்கள் இல்லை, நிலைக்குழுக்கள் இல்லை. கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் அதே நிலைதான். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் அதே நிலைதான். முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24ஆம் தேதியோடு முடிந்துபோயிருந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆண்டு முடிவதற்குள் புதிதாகத் தேர்தல் நடத்தி முடிக்கும்படியும் சொன்னது. நகர்ப்புறத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஐந்து ஆண்டுக்கு மேல் நீண்ட அந்த இடைவெளிக்குள் கொரோனாவின் மூன்று அலைகளும் வந்து போய்விட்டன. தமிழ்நாட்டு நகரங்கள் தங்கள் வாழ்நாளின் மிகக் கடுமையான சோதனையை, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் என்ற ஒன்று இல்லாமலேயே எதிர்கொண்டன.

இந்த நிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நல்ல மனிதர்கள்கூடச் சொல்கிற ஒரு பதில் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் மன்றம் இல்லாமல் இருந்ததே ஒருவகையில் நல்லது. அதிகாரிகள் கட்சித் தலையீடு இல்லாமல் விரைந்து முடிவெடுத்தார்கள் என்பார்கள். இன்று நான் மறுக்க வந்திருப்பது அந்தப் பதிலைத்தான். பெருந்தொற்றில் உணவு, இடுகாடு, சந்தை, கழிப்பறை, தனிமை முகாம் போன்ற சேவைகளைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகள் பெரும்பாலும் மருத்துவ முடிவுகள் ஆவதில்லை. ஒரு தெருவில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்து எடுக்க வேண்டிய முடிவுகள் அவை. அதிகார அடுக்கு ஓர் உத்தரவை மேலிருந்து கீழே வெகு வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ‘இது எங்கள் தெருவில் நடக்காது’ என்ற சொல்லைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் வழி அந்த அடுக்கில் கிடையாது. அந்த வழிதான் கவுன்சிலர். அவர் இல்லாத நகரத்தில் அந்தச் சொல் நீதிமன்றத்துக்கோ, நாளிதழுக்கோ, நடுத்தெருவுக்கோ போய்ச் சேரும். போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். சென்னையில் நடந்தது அதுதான்.

மன்றம் இல்லாவிட்டால் அதன் அதிகாரம் யாரிடம் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தனி அலுவலர் என்றொருவர் நியமிக்கப்படுகிறார். சென்னையில் ஆணையரே தனி அலுவலர். மன்றம் இருக்கும்போது ஆணையரின் துறை ஒரு பொருளைத் தயாரித்து மன்றத்தின் முன் வைக்கும். எவ்வளவு செலவு, எந்த வார்டுக்கு, ஏன் இந்த ஒப்பந்ததாரர் என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். பிறகு தீர்மானம் நிறைவேறும், அல்லது ஒத்திவைக்கப்படும். தனி அலுவலர் காலத்தில் அதே கோப்பு ஆணையராக அவர் கையெழுத்தோடு புறப்பட்டு, மன்றமாக அவரிடமே வந்து ஒப்புதல் பெறும். கேள்வி கேட்க வேண்டிய இருக்கையும் பதில் சொல்ல வேண்டிய இருக்கையும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த அதிகாரி எவ்வளவு நேர்மையானவர், எவ்வளவு உழைப்பாளி என்பது வேறு விஷயம். சென்னையில் அன்று பொறுப்பில் இருந்தவர்கள் உழைத்தார்கள். காய்ச்சல் முகாம்கள் தெருத்தெருவாக நடந்தன. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாளும் நிற்கவில்லை. என் விமர்சனம் அவர்கள்மீது இல்லை. அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கேட்க ஒருவரும் இல்லாத ஏற்பாட்டின்மீதுதான்.

உணவை எடுத்துக்கொள்வோம். ஊரடங்கின் மூன்றாவது வாரம், ஏப்ரல் 12ஆம் தேதி, தன்னார்வலர்களும் கட்சிகளும் அமைப்புகளும் நேரடியாக உணவோ பொருளோ வழங்கக் கூடாது, கொடுக்க விரும்புவதை அரசு அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. கூட்டம் கூடுகிறது, தொற்று பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால், அந்த நாளில் சென்னையில் ரேஷன் அட்டை இல்லாதவர்கள், இருந்தும் பயன்படாதவர்கள் எத்தனை வகை என்று எண்ணிப் பாருங்கள்: கட்டடத் தளங்களில் தங்கியிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள், ஊர் முகவரியில் அட்டை வைத்துக்கொண்டு நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள், சமையல் வேலை நின்றுபோன முதியவர்கள். அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் என்ற நல்ல திட்டம் இவர்களைத் தொடவே இல்லை. அம்மா உணவகம் தொட்டது; மலிவு விலையில் தொடங்கிச் சில கட்டங்களில் இலவசமாகவே உணவு கொடுத்தது. அது 2013இல் மாநகராட்சி தொடங்கிய சேவை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் உண்மையாகக் கைகொடுத்தது ஏற்கெனவே வார்டுக்குள் இருந்த ஒரு நகராட்சிச் சேவைதான். ஆனால், உணவகம் வரை நடந்துவர முடியாதவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்களை நிறுத்தும் அறிவிப்புக்கு எதிராக வழக்குப் போட வேண்டியிருந்தது. அனுமதி தேவையில்லை, முன்கூட்டித் தகவல் தந்து இடைவெளியைக் கடைப்பிடித்தால் போதும் என்று நான்கு நாள் கழித்து உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் சொன்ன அந்த வழிமுறை சட்ட நுணுக்கம் எதுவும் வேண்டாத ஒன்று. யார், எந்தத் தெருவில், எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று ஒரு வார்டு அலுவலகத்தில் பேசித் தீர்க்கக்கூடியது. பேசித் தீர்க்க வார்டில் ஆள் இல்லாததால் அது உயர் நீதிமன்றத்தின் வேலையாயிற்று.

இடுகாட்டுக்கு வருவோம். ஏப்ரல் 19ஆம் தேதி இரவு, தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் பகுதியில் அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது. உடலை அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கும் கல்லெறிந்தார்கள். ஆம்புலன்ஸின் கண்ணாடி உடைந்தது, ஊழியர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் அவருடைய சக மருத்துவர் காவலர் பாதுகாப்போடு திரும்பி வந்து, மருத்துவமனைப் பணியாளர்கள் இருவரின் துணையோடு தாமே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். நாடே தலைகுனிந்த இரவு அது. கூட்டத்தைக் கண்டித்தார்கள், கைது செய்தார்கள்; செய்ய வேண்டியதுதான். ஆனால், அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளின் பணிகளாகச் சொல்லப்பட்ட பதினெட்டில், இடுகாடும் சுடுகாடும் பதினான்காவதாக எழுதப்பட்டிருக்கின்றன. இதை ஏன் உள்ளூருக்குக் கொடுத்தார்கள்? இடுகாடு என்பது ஒரு சுற்றுவட்டாரத்தின் அச்சங்களும் நம்பிக்கைகளும் குவிந்திருக்கும் இடம். உடலிலிருந்து நோய் காற்றில் பரவும் என்று அஞ்சிய அந்தத் தெருக்காரர்களிடம், அடக்கம் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி, எவ்வளவு ஆழம், என்ன பாதுகாப்பு என்று விளக்கி, தானும் அங்கே நின்றிருக்கக்கூடிய ஒருவர், அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவராக இருந்திருந்தால் அந்தக் கூட்டம் கட்டாயம் கலைந்திருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். கல்லுக்கு முன்னால் ஒரு பேச்சாவது நடந்திருக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். அன்றைக்கு மக்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே அப்படி ஒருவர் நிற்கவில்லை.

தகரம் இன்னொன்று. தொற்று உறுதியான வீட்டின் வாசலில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. பிறகு பல இடங்களில் வாசலையோ தெருமுனையையோ மறித்துத் தகரம் அடிக்கப்பட்டது. தனி வீட்டுக்காரருக்கு அது சங்கடம். ஒண்டுக்குடித்தனத்துக்கு அது வேறொன்று. ஐந்தாறு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, ஒரு குழாய் என்றிருக்கும் வளாகத்தில் ஒருவருக்குத் தொற்று வந்ததும் வாசலைத் தகரத்தால் அடைத்தால் தொற்று வெளியே போகாது என்பது உண்மை. உள்ளே இருக்கும் இருபது பேரையும் அது சுற்றி வரும் என்பதும் உண்மை. பால் யார் வாங்குவது, மருந்து யார் வாங்குவது, தினக்கூலிக்குப் போகிறவர் என்ன செய்வது? அந்த நோயாளியை மட்டும் முகாமுக்கு மாற்றி, கழிப்பறையை நாளுக்கு மூன்று முறை கழுவ ஏற்பாடு செய்வதே அங்கே சரியான முடிவு. எந்த வளாகம் எப்படிப்பட்டது என்பது மண்டல அலுவலகத்தின் வரைபடத்தில் தெரியாது. தகரம் வந்துவிடும் என்று பயந்தே பரிசோதனைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு; நோயை ஒளிக்க வைக்கும் எந்த ஏற்பாடும் நோய்க்குத்தான் உதவும். தகரத்துக்கான செலவு பொதுநல வழக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வாசலில் தாள் ஒட்டுவது பற்றி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது.

கோயம்பேடு சந்தையில் நடந்ததை எல்லோரும் அறிவோம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி சந்தை நிரம்பி வழிந்தது. மே 5ஆம் தேதி சந்தையை மூட வேண்டியதாயிற்று. அதற்குள் அங்கிருந்து ஊர் திரும்பிய சுமைத் தொழிலாளர்களோடு தொற்று கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் போய்விட்டது. இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சந்தை மாநகராட்சியின் கையில் இருக்கவில்லை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் இருந்தது, இடம் மாற வியாபாரிகளும் முதலில் இணங்கவில்லை. மன்றம் இருந்திருந்தால் கோயம்பேடு நடந்திருக்காது என்று வாதாடுவது நியாயமாகாது. ஆனால், நகரம் முழுவதற்கும் காய்கறி தரும் சந்தையின் முடிவில் நகரத்தின் மன்றத்துக்கு ஓர் இருக்கைகூட இல்லை என்பதை நாம் இன்றும் ஒரு குறையாகவே நினைப்பதில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இறப்புக் கணக்கு. பிறப்பு, இறப்புப் பதிவும் அதே பன்னிரண்டாவது அட்டவணையில் உள்ள நகராட்சிப் பணி. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் மாநில அரசு தினமும் வெளியிடும் எண்ணும் பொருந்தவில்லை என்று நாளிதழ்களும் குடிமக்கள் அமைப்புகளும் எடுத்துக்காட்டின. ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜூலை 22ஆம் தேதி, விடுபட்ட 444 மரணங்கள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்தவை அவை. விடுபட்டதற்குச் சூழ்ச்சி காரணம் என்று நான் சொல்ல வரவில்லை; இரண்டு பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால், எந்தப் பகுதியில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற எண்தான் முகாமை எங்கே வைப்பது, படுக்கையை எங்கே கூட்டுவது என்பதைத் தீர்மானிக்கிற எண். தன் வார்டில் இந்த மாதம் இத்தனை சாவு விழுந்ததே, உங்கள் பட்டியலில் இத்தனைதானே இருக்கிறது என்று கேட்க ஒரு கவுன்சிலருக்குப் புள்ளியியல் படிப்பு வேண்டாம். சாவு வீட்டுக்குப் போகிற பழக்கம் போதும். 200 கவுன்சிலர்களில் இருபது பேர் கேட்டிருந்தாலும் அந்தப் பொருத்தமின்மை ஏப்ரலிலேயே மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

அரசுக்கே இந்த வெற்றிடம் தெரிந்திருந்தது என்பதற்கு அரசே சான்று தந்தது. மே மாதம் 15 மண்டலங்களுக்கும் தனித்தனியே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கண்காணிப்புக்கு நியமிக்கப்பட்டார்கள். ஜூனில் ஐந்து அமைச்சர்கள், ஒருவருக்கு மூன்று மண்டலம் என்று பிரித்துக்கொண்டு களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகாரிகளால் மட்டும் முடியாது, மக்களிடம் பேசக்கூடிய அரசியல் முகம் வேண்டும் என்ற முடிவு அது, சரியான முடிவும்கூட. ஆனால், கணக்கைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சம் பேருக்கு மேல். ஓர் அமைச்சருக்குப் பதின்மூன்று லட்சம் பேர். ஒரு கவுன்சிலருக்கு ஏறத்தாழ 33 ஆயிரம் பேர். மூன்று மண்டலத்துக்கு வரும் அமைச்சர் கூட்டம் நடத்தலாம், குறை கேட்கலாம். எந்த வளாகத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

பக்கத்து மாநிலத்தில் வேறுவிதமாக நடந்தது. கேரளத்தில் 2020 மார்ச் மாதக் கடைசியில் சமூக சமையலறைகள் திறக்க முடிவானபோது, அதை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சிகளுக்குப் போனது. 941 கிராமப் பஞ்சாயத்துகளும் 87 நகராட்சிகளும் 6 மாநகராட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்களோடு சேர்ந்து சில நாள்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகளைத் திறந்தன. இயலாதவருக்கு இலவசம், மற்றவருக்குச் சாப்பாடு 20 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவந்து தர 5 ரூபாய் கூடுதல். யார் இயலாதவர் என்ற பட்டியலை வார்டு உறுப்பினரின் குழு தயாரித்தது. அதில் ஆஷா பணியாளர் இருந்தார், அங்கன்வாடிப் பணியாளர் இருந்தார், குடும்பஸ்ரீ பெண்கள் இருந்தார்கள். தனிமையில் இருப்பவருக்கு மருந்து வாங்கித் தந்ததும் பிறகு முதல்நிலைச் சிகிச்சை மையங்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் இந்த உள்ளாட்சிகள்தான். இந்த வேகம் ஒரே நாளில் முளைத்ததில்லை. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்திலிருந்து கால் நூற்றாண்டாக நிதியும் ஆளும் உள்ளாட்சியிடம் இருந்து பழகியதன் பலன் அது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். கேரளமும் தப்பவில்லையே, 2021இல் நாட்டிலேயே அதிகத் தொற்று அங்கேதானே பல வாரம் பதிவானது, 2021 அக்டோபருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பழைய மரணங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்ததே என்று கேட்கலாம். முற்றிலும் உண்மை. உள்ளாட்சி இருந்தால் வைரஸ் வராது என்று யாரும் சொல்ல முடியாது. மரணத்தைச் சான்றளிக்கும் முறை மாநிலத்தின் கையில் இருந்ததால் அந்தத் தவற்றை அங்கத்திய உள்ளாட்சிகளாலும் தடுக்க முடியவில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறிய கேள்வி: ஊரடங்கில் அடைபட்ட வீட்டுக்குச் சோறு போனதா? உத்தரவுக்கும் தெருவுக்கும் நடுவே பேச ஆள் இருந்தாரா? இந்தக் கேள்விக்கான விடை இரண்டு மாநிலங்களிலும் வேறு வேறு.

அடுத்த மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். 2020 ஜனவரியில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றார்களே, அங்கே என்ன பெரிதாக நடந்தது என்பார்கள். பல ஊர்களில் தலைவர்கள் தெருவில் நின்று வேலை செய்தார்கள். ஆனால், அவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் வைக்கப்படவில்லை. மாவட்ட ஆட்சியரின் உத்தரவை நிறைவேற்றும் கடைசிக் கையாகவே வைக்கப்பட்டார்கள். மே தினக் கிராம சபை நடக்கவில்லை, சுதந்திர தினக் கிராம சபை நடக்கவில்லை. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டம் முந்தைய இரவில் ரத்தானது. டாஸ்மாக் கடைகள் மே மாதமே திறந்துவிட்டன. திறந்தவெளியில் ஊர் கூடி ஊர்க் காரியம் பேசுவதை மட்டும் அக்டோபர் வரை தொற்று தடுத்தது என்பதை ஏற்க முடியவில்லை. தேர்தல் நடத்தியும் முடிவெடுக்க விடாவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

கவுன்சிலர்கள் என்றாலே கமிஷன்தானே என்ற மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வீடு கட்டுகிறவரிடம் கை நீட்டும் கவுன்சிலரை நகரவாசிகள் அறிவார்கள். ஊழல் புகார் ஒன்றை முன்வைத்துத்தான் 1973இல் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. பிறகு 1996 வரை இந்த நகரத்தில் மன்றமே இல்லை. அந்த 23 ஆண்டுகளில் மாநகராட்சி ஊழலற்றதாக மாறிவிட்டது என்று சொல்லும் ஒருவரை நான் கண்டதில்லை. கவுன்சிலரின் ஊழலுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தண்டனை உண்டு. எதிர்க்கட்சி உறுப்பினர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். தனி அலுவலர் காலத்துக் கொள்முதலில் தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தகவல் உரிமைச் சட்டமும் நீதிமன்றமும்தான் கதி.

கூட்டம் கூட முடியாத நேரத்தில் மன்றம் எப்படி இயங்கும் என்பது நடைமுறைக் கேள்வி. அதற்கு நடைமுறையிலேயே பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் நேரில் கூடியாக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 2020 ஏப்ரல் 4ஆம் தேதி முதல் இணையவழியில் கூடித் தீர்மானம் நிறைவேற்ற அங்கே தனி விதி வந்தது. 2021 மே 7 வரை அது நடைமுறையில் இருந்தது. ஊரடங்கு வந்த இரண்டு வாரத்துக்குள் செய்த வேலை இது. தேர்தல் நடத்த முடியாது என்ற வாதமும் நிற்காது. கேரளம் 2020 டிசம்பரில் மூன்று கட்டமாக உள்ளாட்சித் தேர்தலை நடத்தியது. தொற்றாளர்களுக்கும் தனிமையில் இருந்தவர்களுக்கும் தபால் வாக்கு ஏற்பாடு செய்தது. தமிழ்நாடும் 2021 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலை நடத்தியது, தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்.

நிபுணர்களின் முடிவில் கவுன்சிலருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். எந்த மருந்து, எந்தப் பரிசோதனை, எத்தனை நாள் தனிமை என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும்; மன்றம் அதில் தலையிடக் கூடாது. ஆனால், மருத்துவத்தின் பெயரால் மக்களைப் பேச விடாமல் நோயைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2020இல் நாம் தூசி தட்டி எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897இல் பம்பாய்ப் பிளேக்கின்போது பிறந்தது. பம்பாயிலும் புனேயிலும் நகராட்சியைத் தாண்டிப் பிளேக் கமிட்டிகளுக்கு அதிகாரம் போனது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள், பொருள்களை வெளியே எறிந்தார்கள், பெண்களின் மானம் பாதிக்கப்பட்டது. மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். கமிட்டித் தலைவர் ராண்ட் அந்த ஆண்டு ஜூனில் சுடப்பட்டார். பம்பாயில் அடுத்த ஆண்டு மார்ச்சில் கலவரம் வெடித்தது. அந்தச் சட்டம் கொள்ளைநோயை அடக்கும் அதிகாரத்தைத் தந்தது. மக்களிடம் கேட்கும் கடமையை அதில் எந்த வரியும் சொல்லவில்லை. 2020இல் அதைக் கையில் எடுத்தபோதும் அந்த வரி இல்லாமலேயே எடுத்தோம்.

இனி செய்ய வேண்டியவை பெரிய கனவுகள் இல்லை. பேரிடர் அறிவிக்கப்பட்டால் மாமன்றமும் நகர்மன்றங்களும் வாரம் ஒருமுறை, தேவைப்பட்டால் இணையவழியில், கூடியே ஆக வேண்டும் என்று நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் எழுத வேண்டும். அவசரச் செலவை ஆணையர் உடனே செய்யட்டும். ஏழு நாளுக்குள் மன்றத்தின் முன் கணக்கு வைக்கட்டும். சமூக சமையலறை, இடுகாடு, பொதுக் கழிப்பறை, சந்தை இடமாற்றம், முகாம் இடம் ஆகிய ஐந்திலும் வார்டுக் குழுவின் கருத்து பதிவாகாமல் உத்தரவு போகக் கூடாது. வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன, நடைமுறைதான் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன் நிபந்தனை ஒன்றே ஒன்று: மன்றம் இருக்க வேண்டும். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்தாக வேண்டும் என்று அரசியல் சாசனம் 1993 முதல் சொல்லிவருகிறது. உச்ச நீதிமன்றம் 2006இல் மறுபடி சொன்னது. அப்படியிருந்தும் 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்ததும் அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்தமர்ந்தார்கள். தேர்தல் நடக்காமல் கழியும் ஒவ்வொரு மாதமும், அடுத்த தொற்றோ வெள்ளமோ வந்தால் அந்த ஊர்களின் இடுகாட்டையும் அடுப்பையும் பற்றிக் கேட்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.